கடைக்குப் பின்னால் கிடக்கும் குப்பை மேடு – அதைப் பூங்காவாக்கும் கணக்கு

நமது 'வணிகர் பாடம்' பகுதியில் இதுவரை இருப்புக் கணக்கு, கடன் வசூல், கிடங்குப் பாதுகாப்பு என்று கடைக்கு உள்ளே இருப்பவற்றையே பார்த்து வந்தோம். இந்த இதழில் கடைக்கு வெளியே வருவோம். அதுவும் பின்பக்கம்.

நமது திருவண்ணாமலையில் எந்தக் கடைவீதியை எடுத்துக்கொண்டாலும், அதன் முனையிலோ பின்புறத்திலோ யாருக்கும் சொந்தமில்லாதது போல ஓர் இடம் கிடக்கும். பழைய கால்வாய்க் கரையாக இருக்கலாம், இடிந்து விழுந்த கட்டடத்தின் மனையாக இருக்கலாம், குளக்கரையாகவும் இருக்கலாம். உடைந்த அட்டைப் பெட்டி, அழுகிய காய்கறி, டீக்கடைக் கப் எல்லாம் அங்கேதான் போகும். பௌர்ணமிக்கு மறுநாள் அன்னதானத் தொன்னையும் தட்டும் சேர்ந்துகொள்ளும். விளக்கு வைத்த பிறகு பெண்கள் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். "அதிகாரிகள் கவனிக்கவில்லை" என்று நாம் சொல்லிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துவிடுவோம்.

நானும் பல ஆண்டுகள் அப்படிச் சொன்னவன்தான். எனக்குத் தானியமும் மிளகாயும் மொத்த வியாபாரம். கிடங்குக்குப் பின்னால் ஒரு குப்பை மேடு. ஒரு சித்திரை மாத மதியம் அதில் தீப்பிடித்தது. தீ கிடங்குக்குள் வரவில்லை. ஆனால் புகை வந்தது. மிளகாய் மூட்டைகளில் புகைவாடை ஏறி, வந்த விலைக்குத் தள்ளும்படி ஆயிற்று. மறுநாள் அங்கே போய்ப் பார்த்தேன். எரியாமல் மிச்சமிருந்ததில் பாதி என் கிடங்கிலிருந்து போன கிழிந்த சாக்கும் அட்டையும். யாரைத் திட்டுவது? இந்தப் பாடத்துக்கு நான் கட்டிய முதல் கட்டணம் அந்த நஷ்டம்.

நம் ஊரிலேயே நடந்த பாடம்

கேட்பாரற்ற இடத்தைப் பசுமையாக்குவது பெருநகரத்து ஆடம்பரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதன் முதல் பாடம் நம் ஊரின் நடுவிலேயே, அருணாசலேஸ்வரர் கோயில் மதிலுக்குள் நடந்தது.

1980களின் பிற்பகுதியில் நமது மலை பெரும்பாலும் மொட்டைப் பாறையாகக் கிடந்தது. விறகு வெட்டு, ஆடுமாடு மேய்ச்சல், கோடைத் தீ என்று மூன்றும் சேர்ந்து மரங்களை அழித்திருந்தன. அப்போது இங்கே வாழ்ந்த அன்பர்கள் சிலர், ஆஸ்திரேலியாவில் காடுகளைக் காக்கப் பாடுபட்ட ஜான் சீட் என்பவருக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார்கள். 'அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி' என்ற அமைப்பு உருவாயிற்று. மலையில் நடுவதற்குக் கன்று வேண்டும், கன்று வளர்க்க இடம் வேண்டும். கோயில் வளாகம் ஏறத்தாழ 25 ஏக்கர். அதன் உள்மதிலுக்கும் வெளிமதிலுக்கும் இடையே பயனற்றுக் கிடந்த பரப்பைக் கோயில் தரப்பு நாற்றங்காலுக்குக் கொடுத்தது. சில ஆண்டுகளில் அந்த வெற்றிடம் பெரியதொரு மரக்கன்றுப் பண்ணையாயிற்று. உள்ளூர் மக்கள் பலர் அங்கே கன்று வளர்ப்பில் பயிற்சி பெற்றார்கள்.

இதை வணிகர் கண்ணோடு பாருங்கள். நிலம் விலை கொடுத்து வாங்கப்படவில்லை. மதிலும் கிணறும் ஏற்கெனவே இருந்தன. புதிதாக வந்து சேர்ந்தது ஒன்றுதான்: தினமும் வந்து தண்ணீர் ஊற்றும் ஆள்.

2003ஆம் ஆண்டு முதல் 'தி ஃபாரஸ்ட் வே' என்ற அறக்கட்டளை மலையில் மரம் நடுவதையும், கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதையும், தீ பிடித்தால் ஏறிச் சென்று அணைப்பதையும் செய்து வருகிறது. மலையடிவாரத்தில் குப்பையும் அசுத்தமுமாகக் கிடந்த நிலத்தை அவர்கள் சீர்செய்து, பிள்ளைகள் விளையாடும் பூங்காவாக ஆக்கினார்கள். கார்த்திகைத் தீபத்தை அடுத்துத் தெப்பல் உற்சவம் நடக்கும் அய்யங்குளமும் அண்மை ஆண்டுகளில் தூர்வாரிச் சீரமைக்கப்பட்டது. ஆக, நம் ஊரில் முடியாது என்று யாரும் சொல்ல இடமில்லை.

சென்னையிலிருந்து ஒன்று, கடல் கடந்து ஒன்று

சென்னை மயிலாப்பூரில் லஸ் சர்ச் சாலைக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர்கள் நாகேஸ்வரராவ் பூங்காவைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 4 ஏக்கர். பூங்கா வருமுன் அங்கே ஒரு குட்டை இருந்தது. அமிர்தாஞ்சன் தைலத்தை நாடெங்கும் விற்ற காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலுவின் பெயரை அந்தப் பூங்கா தாங்கி நிற்கிறது. ஒரு வியாபாரியின் பெயர் அவருடைய சரக்கைத் தாண்டி ஊர் வாயில் நிலைப்பதற்கு இதைவிட நல்ல வழி எது? பிற்காலத்தில் அதன் பராமரிப்பைச் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனம் ஏற்றது. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் இளம் கலைஞர்களின் கச்சேரியையும் அங்கே நடத்தி வந்தது. பூங்காவைக் கட்டுவது ஒரு வேலை, அதில் ஆளை உட்கார வைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதை அவர்கள் மறக்கவில்லை.

இப்போது அமெரிக்காவின் நியூயார்க் நகரம். அங்கே கடைகளும் அலுவலகங்களும் நெருங்கிய பகுதியில் பிரையன்ட் பூங்கா என்று ஒன்று உண்டு. 1970களில் அது போதைப் பொருள் விற்பவர்களின் இடமாகிவிட்டது. சுற்றியிருந்த கட்டடங்களின் மதிப்பும் கெட்டது. 1980இல் பூங்காவைச் சீரமைக்க ஒரு தனி அமைப்பு தொடங்கினார்கள். மக்கள் பொது இடங்களில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து எழுதிய வில்லியம் வைட் என்ற அறிஞரிடம் ஆலோசனை கேட்டார்கள்.

அவர் சொன்ன காரணம் எளிமையானது. பூங்கா தெருவைவிட உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் இரும்பு வேலியும் அடர்ந்த செடிவேலியும். உள்ளே நடப்பது வெளியே தெரியவில்லை. தெரியாத இடத்துக்கு நல்லவர்கள் வரமாட்டார்கள், மற்றவர்கள் வருவார்கள். 1988இல் பூங்காவை மூடி, மறைப்பை எடுத்து, வழிகளைத் திறந்து, நகர்த்திப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகளை வைத்து, 1992இல் மறுபடி திறந்தார்கள். கூட்டம் வந்தது. அந்த அமைப்பின் செலவில் பெரும்பங்கைத் தந்தவர்கள் பூங்காவைச் சுற்றியிருந்த கட்டடச் சொந்தக்காரர்கள். தர்மம் என்று அவர்கள் தரவில்லை. பூங்கா கெட்டால் தங்கள் வாடகை கெடும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள்.

நமக்கு என்ன லாபம்?

பௌர்ணமி இரவை நினைத்துக்கொள்ளுங்கள். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து லட்சக்கணக்கானவர்கள் கால் வலியோடு ஊருக்குள் வருகிறார்கள். அவர்களுக்கு உட்கார இடம் இல்லை. எனவே நம் கடைப்படியில் உட்காருகிறார்கள், அங்கேயே தூங்குகிறார்கள். விடியற்காலையில் நாம் ஷட்டரைத் தூக்கும்போது முகம் சுளிக்கிறோம். சிலர் தண்ணீர் தெளித்து எழுப்புகிறார்கள். ஊருக்கு வந்த விருந்தாளியைப் படியிலிருந்து விரட்டிவிட்டு, அதே ஆளிடம் காலை வியாபாரத்தை எதிர்பார்க்கிறோம்.

இருபது பேர் நிழலில் உட்கார ஓர் இடம் பக்கத்தில் இருந்தால் படி காலியாகும். உட்கார்ந்தவருக்குத் தாகம் எடுக்கும், பசி எடுக்கும், வீட்டுக்கு என்ன வாங்கலாம் என்று யோசிக்க நேரம் கிடைக்கும். நடந்துகொண்டே இருக்கிறவர் வாங்குவதில்லை. நின்று இளைப்பாறுகிறவர்தான் வாங்குகிறார்.

வெளியூர்க்காரரை விடுங்கள். நம் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் மதியச் சோற்றை எங்கே சாப்பிடுகிறார்கள்? கிடங்கில் மூட்டை மேல். லோடு இறக்கும் தொழிலாளி எங்கே சாய்கிறார்? லாரி நிழலில். முன்னோர்கள் சுமைதாங்கிக் கல் நட்டார்கள், தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள், கோயிலுக்கு நந்தவனம் எழுதி வைத்தார்கள். அவற்றில் பெரும்பகுதி வணிகர் செய்த அறம். கடைவீதியில் நாலு மரத்து நிழல் அந்த வரிசையில் வரும் அறம்தான்.

ஆட்சேபம் சொல்பவர்கள்

செயற்குழுவில் இதைப் பேசினால் மூன்று ஆட்சேபங்கள் வரும். மூன்றும் நியாயமானவை. அவற்றைத் தட்டிவிட்டுப் போகக் கூடாது.

முதலாவது, வண்டி நிறுத்தம். "இருக்கிற இடத்தையும் பூங்காவாக்கினால் வாடிக்கையாளர் பைக்கை எங்கே விடுவார்?" சென்னை தியாகராய நகர் பாண்டிபஜாரில் 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோது அங்குள்ள வியாபாரிகளுக்கும் இந்தக் கவலை இருந்தது. அங்கே பக்கத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தகமும் கட்ட வேண்டியதாயிற்று. எனவே வண்டிக்கு வழி செய்துவிட்டுப் பிறகு செடிக்கு வாருங்கள். இப்போது வண்டி நிற்கும் இடத்தைத் தொடாதீர்கள், குப்பை நிற்கும் இடத்தை எடுங்கள்.

இரண்டாவது, குடிப்பவர்கள் வந்து உட்காருவார்கள் என்பது. இப்போது அந்த இருட்டு மூலையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். வெளிச்சமும், திறந்த பார்வையும், கடைக்காரர் கண்ணும் இருந்தால் அவர்களுக்கு அந்த இடம் வசதிப்படாது. மாலையில் பெண்களும் குழந்தைகளும் உட்காருகிறார்களா என்பதுதான் இடம் சரியாக அமைந்ததற்கு அடையாளம்.

மூன்றாவது, தரைக்கடைகள் வந்து நிரம்பிவிடும் என்பது. ஒரு பூக்காரம்மா, ஓர் இளநீர்க்காரர் இருப்பது இடத்துக்குக் காவல். எத்தனை பேர், எந்த ஓரம் என்பதை முதல் நாளே அவர்களையும் வைத்துப் பேசி முடித்துவிட்டால் தகராறு வராது.

எங்கிருந்து தொடங்குவது?

1. நிலம் யாருடையது என்று பாருங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் புல எண்ணையும் நில அளவை வரைபடத்தையும் பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொட வேண்டும். மாநகராட்சி இடமா, கோயில் இடமா, நீர்வழிப் புறம்போக்கா, தனியார் மனையா? ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. மனைப்பிரிவு என்றால், பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அப்படி ஒதுக்கிய இடமே பல ஊர்களில் முள் மண்டிக் கிடக்கிறது. பூங்கா என்று ஒதுக்கிய இடத்தை வேறு வேலைக்கு எடுக்காமல் காக்க 1959ஆம் ஆண்டுச் சட்டமே தமிழ்நாட்டில் உண்டு.

2. நீர்வழியை அடைக்காதீர்கள். நம் ஊர் மலையடி ஊர். மலையில் விழும் மழை தெருக்களின் வழியேதான் இறங்கி ஓடியாக வேண்டும். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் வீட்டின் மேல் விழுந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்ததை நாம் மறக்க முடியாது. சரிவிலும் ஓடைக்கரையிலும் சிமெண்ட் மேடை போடுவது பூங்கா ஆகாது. அங்கே மரம் நடுங்கள், மண்ணைத் திறந்து விடுங்கள், தண்ணீர் போகட்டும். கடைவீதி இடத்திலும் தரை முழுவதும் டைல்ஸ் பதிக்க வேண்டாம். நடைபாதை அளவுக்குக் கல் போதும்.

3. குப்பைக்கு மாற்று வழி சொல்லுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். குப்பைக்கு வேறு வழி செய்யாமல் மேட்டை மட்டும் அகற்றினால், மேடு அடுத்த தெருவுக்குக் குடிபோகும், ஆறு மாதத்தில் திரும்பியும் வரும். அட்டையும் சாக்கும் பழைய சாமான் வாங்குபவருக்கு விலை போகும் சரக்கு. அதைச் சேர்த்து வைக்க ஒரு கடை ஓரத்தையும், எடுத்துப் போக ஒரு நாளையும் குறியுங்கள். காய்கறிக் கழிவை உரக்குழியில் போட்டால் அதே பூங்காவுக்கு எரு. மீதியைத் தூய்மைப் பணியாளர் வரும் நேரத்தில் கையில் கொடுங்கள், தெருவில் கொட்டாதீர்கள்.

4. மரம் தேர்ந்தெடுங்கள். கட்டட இடிபாட்டின் மேல் கன்று பிழைக்காது. மூன்றடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, கல்லையும் காரையையும் அகற்றி, நல்ல மண்ணும் மக்கிய எருவும் நிரப்ப வேண்டும். வேம்பு, புங்கன், பூவரசு, சரக்கொன்றை நம் மண்ணுக்கு ஏற்றவை. நம் கோயில் தலவிருட்சம் மகிழம். அது மெல்ல வளரும், ஆனால் நிழலும் மணமும் தலைமுறைக்கு நிற்கும். ஆலும் அரசும் வேர் பரப்பும், சுவர் ஓரத்தில் வேண்டாம். ஆள் உயரக் கன்றாக வாங்கி, கூண்டு வைத்து, ஐப்பசி மழைக்கு முன் நடுங்கள். இரண்டு கோடை தண்ணீர் ஊற்றினால்தான் மரம் நம்முடையது.

5. உட்கார வையுங்கள். சுற்றுச்சுவர் எழுப்பிப் பூட்டுப் போட வேண்டாம். மாடு நுழையாத அளவுக்கு உயரம் குறைந்த கம்பி போதும். மரத்தைச் சுற்றித் திண்ணை, ஒரு குடிநீர்த் தொட்டி, இரண்டு விளக்கு. சிலையும் நீரூற்றும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செலவுக் கணக்கும் மகமையும்

தொடக்கச் செலவுக்கு வழி கிடைத்துவிடும். 1997-98இல் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டம் 2021இல் நகர்ப்புறங்களுக்கு மீண்டும் கொண்டுவரப்பட்டது. பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு ஏற்கும் முறை அது. பணியின் வகையைப் பொறுத்துப் பங்கு மாறும் என்பதால், நடப்பு விதியை மாநகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கஷ்டம் திறப்பு விழாவுக்கு அடுத்த மாதம் தொடங்குகிறது. கல்வெட்டு பளபளக்கும், செடி வாடும். பூங்காவும் கடை மாதிரிதான். பெயர்ப்பலகை மாட்டினால் போதாது, தினமும் திறந்து பெருக்க வேண்டும்.

இதற்கு நம்மிடம் பழைய மருந்து இருக்கிறது. அதுதான் மகமை. மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று விற்பனையில் சிறு துளி எடுத்து வைத்துத் தென்மாவட்ட வணிகர்கள் கோயிலும் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வீதியில் 40 கடைகள். கடைக்கு நாள் ஒன்றுக்கு 15 ரூபாய். நாளுக்கு 600, மாதம் 18,000 ரூபாய். பெருக்கித் தண்ணீர் ஊற்றும் ஒருவருக்குச் சம்பளம் 13,000. தண்ணீர், எரு, துடைப்பம், விளக்குக்கு 3,000. மிச்சம் 2,000 சேமிப்பு. ஒரு டீயின் விலைக்கு ஒரு வீதி பிழைக்கிறது. ஊருக்கு ஊர் தொகை மாறும், கணக்கின் முறை மாறாது.

வரவு செலவை மாதந்தோறும் பூங்காவிலேயே பலகையில் எழுதிப் போடுங்கள். கணக்குத் தெரிந்தால் கை தாராளமாகும். நன்கொடையாளர் பெயர்ப்பலகை ஒன்று போதும், மரத்துக்கு ஒரு பலகை வேண்டாம். ஆண்டுதோறும் பொறுப்பாளர்களை மாற்றுங்கள், ஒருவரே சுமந்தால் அவர் ஓய்ந்த அன்று பூங்காவும் ஓயும்.

பாடத்தின் சுருக்கம்

கேட்பாரற்ற இடம் தானாகக் கெடுவதில்லை. கேட்பாரில்லாததால் கெடுகிறது, அதில் நம் பங்கும் உண்டு. அதைக் கேட்க மிகவும் தகுந்தவர் காலை முதல் இரவு வரை அதன் எதிரே உட்கார்ந்திருப்பவர். அவர்தான் கடைக்காரர். நிலம் அரசுடையதாகவோ கோயிலுடையதாகவோ இருக்கலாம். கண் நம்முடையது.

என் கிடங்குக்குப் பின்னால் இப்போது முதல் வேலை மட்டும் முடிந்திருக்கிறது: எங்கள் வரிசையில் யாரும் அங்கே அட்டை போடுவதில்லை. வாரம் ஒரு நாள் பழைய சாமான்காரர் வந்து எடுத்துப் போகிறார். வரைபடத்துக்கு மனுக் கொடுத்திருக்கிறோம். மேடு இன்னும் இருக்கிறது, ஆனால் வளரவில்லை. மழைக்கு முன் நான்கு குழி எடுக்க வேண்டும் என்பது எண்ணம்.

அடுத்த கூட்டத்தில் விவாதிக்க

1. நமது வீதியில் கேட்பாரற்ற இடம் எது? அங்கே போகும் குப்பையில் நம் கடைகளின் பங்கு எவ்வளவு?

2. அந்த இடத்தின் புல எண் யாருக்காவது தெரியுமா? யார் போய்ப் பார்ப்பது, எந்தத் தேதிக்குள்?

3. நாள் மகமை எவ்வளவு வைக்கலாம்? வசூல் யார், கணக்கு யார்?

4. கன்று நட்ட இரண்டாவது கோடையில் தண்ணீர் ஊற்றப் போவது யார்?

நான்காவது கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்த பிறகு முதல் குழியை எடுங்கள்.